ஈரக் கையோடு தொடாதே, கார்த்தி

கார்த்தி, நான் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே அப்பாவின் பழைய வேட்டியில் துவரம்பருப்பு காய்கிறது. கையில் ஒரு குச்சி, அது காக்காவுக்கு. மடியில் இந்தப் பேப்பர், இது உனக்கு. நீ கீழே உன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல், பெங்களூர் ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாய். ஒரு சத்தம் கொடுத்தால் ஏறி வந்துவிடுவாய், சொல்ல வேண்டியதை வாயாலேயே சொல்லிவிடலாம். ஆனால் நான் வாயால் சொன்ன எதை நீ முழுசாகக் கேட்டிருக்கிறாய்? பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். உன் அத்தை படிக்கட்டும், ஆண்டிபட்டியில் இருக்கிற என் அண்ணன் தம்பிகள் படிக்கட்டும், எல்லாரும் படிக்கட்டும். இன்றைக்கு எனக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு இந்தக் காக்காவையும் கூப்பிட்டுக் கும்மியடிக்கலாம் போலிருக்கிறது.

நாளை மறுநாள் காலை உன் அம்மா தூத்துக்குடிக்குப் போகிறாள். விருந்துக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் இல்லை. பேங்கில் ஆபீசராக! இந்தப் போடியில் கிளார்க்காக உட்கார்ந்து எத்தனை மேனேஜர்களுக்கு மாலை போட்டு வரவேற்று, மாலை போட்டு வழியனுப்பியிருக்கிறேன் தெரியுமா? பிரமோஷன் வாங்கினால் வெளியூர் போயே ஆக வேண்டும், அது பேங்கின் சட்டம். முதல் தடவை வாய்ப்பு வந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டாம் தடவை நீ காலேஜுக்கே போய்விட்டாய். அப்போது டிரெய்னிங் வரைக்கும் போய்விட்டு, பாதியில் திரும்பி வந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டாம் தடவையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இது மூன்றாவது. என் வயசுக்கு இதற்கு மேல் ஒன்று வராது. ஆகவே இந்தத் தடவை நான் பாதியில் திரும்பி வரக் கூடாது, கார்த்தி. அதற்கு நீ வேண்டும், நம் வீட்டுச் சாமான் அலமாரி வேண்டும்.

ஆர்டர் வந்த அன்று உன் அத்தை வந்திருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன சொன்னாள்? "நீ போயிட்டா இந்த ரெண்டு ஆம்பளையாளுகளும் என்னத்தத்தா திம்பாக? ஆடி பொறக்கட்டும், அரிசி பூராம் வண்டு மேஞ்சு நிக்கும். நீயே பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து எறங்குவ பாரு." சொல்லிவிட்டு லட்டையும் தின்றாள், காராசேவையும் தின்றாள். அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் போன தடவை நடந்தது அச்சு அசலாக அதுதான். அவள் ஜோசியம் சொல்லவில்லை, நடந்த கதையைத்தான் திருப்பிச் சொன்னாள்.

உங்கள் இருவருக்கும் சமைக்கத் தெரியும். அதை யாரிடமும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பா வைக்கிற ரசத்தை நான் வைக்க முடியாது. நீ போனைப் பார்த்துப் பார்த்துப் பண்ணுகிற குருமாவும் ஒன்றும் மோசமில்லை. சமைப்பது ஒரு மணி நேர வேலை. சாமானைக் கெடாமல் வைத்திருப்பது வருஷம் முழுக்க நடக்கிற வேலை, கண்ணுக்கும் தெரியாது. இத்தனை நாள் அதை நானே பண்ணிக்கொண்டிருந்ததால் அப்படி ஒரு வேலை இருப்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அலமாரியைத் திறந்தால் பருப்பு பருப்பாக இருக்கும், உப்பு உப்பாக இருக்கும். அது தானாகவே அப்படி இருப்பதாக நினைத்துவிட்டீர்கள்.

போன தடவை டிரெய்னிங்குக்கு நான் சென்னை போனது சரியான சாரல் காலம். போடிமெட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் காலம். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த உன் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "இந்த வீட்டுல ஈரம் ஏறாத ஒரே எடம் என் சரக்கு ரூம்தான்டா" என்று சொல்லி, சமையலறைச் சாமானை எல்லாம் தன் ஏலக்காய் வியாபாரச் சரக்கு வைக்கிற அந்த அறைக்குக் கொண்டுபோனார். ஏலக்காய் கட்டி வைக்கிற கறுப்புப் பாலித்தீன் பைகள் இருக்கின்றன அல்லவா, அதில் பழசாகப் பார்த்து எடுத்து, துவரம்பருப்பு, அரிசி, உளுந்து எல்லாவற்றையும் கொட்டி, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவிலேயே அடுக்கிவிட்டார். தொழில் தெரிந்த மனுஷன், கட்டு அவ்வளவு சுத்தம். ஒரு வண்டு வரவில்லை, ஒரு பூச்சி வரவில்லை. ஆனால் ஏலக்காய் சும்மா இருக்குமா? நான் அங்கே கிளாஸில் உட்கார்ந்திருக்கிறேன், உன் போன் வருகிறது. "ஏம்மா, சாம்பார்ல பாயாச வாசம் அடிக்குது. நீ புளி நெறையப் போடுவியா, கம்மியாப் போடுவியா?" எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மறுநாள், "சோறும் பாயாசம் மாதிரியே இருக்கும்மா, மோரு ஊத்திச் சாப்பிட முடியல." அதற்கடுத்து நீ ரவையை வறுத்தாய். வறுத்தது சரி. அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடினாய் பார், அங்கேதான் வந்தது வினை. மூடிக்குள் வேர்த்து வேர்த்து, ரவை பூசணம் பிடித்துக் கட்டியாகி, டப்பாவோடு குப்பைக்குப் போனது. பிறகு இரண்டு பேரும் ஓட்டலில் சாப்பிட்டு, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாய். அப்பா கடைசியாகப் போட்ட போனில் ஒரே ஒரு வரிதான் சொன்னார். "நீ வந்துரு."

வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன் என்று நினைக்காதே. உண்மையைச் சொல்கிறேன், உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது என்று மார் தட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. என்னோடு டிரெய்னிங் எடுத்த கம்பத்துப் பெண் ஒருத்தி மதுரையில் மேனேஜராகி, ஒருநாள் நம் கிளைக்கு ஆய்வுக்கு வந்தாள். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவள் பதறிப்போய், "அக்கா, நீங்க உக்காருங்க" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நல்ல பருப்பையே மறுபடி மறுபடி புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டப்பா ரவைக்கும் ஒரு மூட்டைப் பருப்புக்கும் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் கோபமாக வந்தது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

போகட்டும். இப்போது கேள். பேப்பரை மடித்து வைத்துவிடாதே, விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதலும் கடைசியும் ஈரம்தான். வண்டு, பூசணம், கட்டி, கசப்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது ஈரத்தின் பின்னால்தான் வரும். ஈரக் கையோடு எந்த டப்பாவையும் தொடாதே. தக்காளி கழுவின கையை அப்படியே மிளகாய்ப் பொடிக்குள் விடுகிறாய், நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற குழம்புக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டுகிறாய், ஆவி முழுக்க உள்ளே போகிறது. அலமாரிக் கதவில் ஒரு துண்டு மாட்டியிருக்கிறேன். அது முகம் துடைக்க இல்லை. கையைத் துடை, அப்புறம் திற. டப்பாவுக்கு ஒரு ஸ்பூன், அது அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும். வறுத்தது, காய்ந்தது, அரைத்தது எதுவானாலும் முழுசாக ஆறின பிறகுதான் மூடி. ஆறிவிட்டதா என்று மேலே தொட்டுப் பார்க்காதே, நடுவில் விரலை விட்டுப் பார்.

பருப்பு காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் அப்பா ஏலக்காயை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிக் காதோரம் வைப்பார், பார்த்திருக்கிறாய் அல்லவா? உள்ளே விதை கலகலவென்று ஆடினால் காய்ந்தது, சத்தமே வராவிட்டால் இன்னும் ஈரம். பருப்புக்குக் காது வேண்டாம், பல் போதும். ஒன்றை எடுத்துக் கடி. டக்கென்று உடைந்தால் எடுக்கலாம், மெத்தென்று நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். எடுத்து, நிழலில் ஆறவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சமாக விளக்கெண்ணெய் தடவிப் பருப்பைப் பிசறி வை. வண்டு கிட்டே வராது. சமைக்கும்போது நன்றாகக் கழுவிப் போடு, இல்லாவிட்டால் சாம்பார் குடித்துவிட்டு இரண்டு பேரும் பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பீர்கள். அரிசியை மட்டும் இந்த மாதிரி உச்சி வெயிலில் கொட்டிவிடாதே, வெடித்துக் குருணையாகிவிடும். நிழலில் காற்றாடப் பரப்பினாலே வண்டு தானாக நடையைக் கட்டும். திரும்பக் கொட்டும்போது வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து நடுவில் போடு. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததைப் போடு. பச்சையாகப் பறித்துப் போட்டால் அதன் ஈரமே வண்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிடும்.

இன்னொன்று, இது உன் அப்பாவுக்கும். பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டாதீர்கள். இதில் அவர் கெட்டிக்காரர். போன வருஷச் சரக்கையும் இந்த வருஷச் சரக்கையும் கலக்கவே மாட்டார், நிறம் போகும், விலை போகும் என்பார். ஆனால் வீட்டு அரிசி டின்னில் மட்டும் கடைக்காரன் அனுப்பின மூட்டையை அப்படியே கவிழ்த்துவிடுவார். அடியில் பழசு கிடக்கும், அதில் ஒரு வண்டு இருக்கும், அந்த ஒன்று போதும். டின் தீரட்டும், துடைத்து வெயிலில் கவிழ்த்து வை, பிறகு புதுசு. சர்க்கரைக்கு எறும்பு வந்தால் மருந்து தேடிக் கடைக்கு ஓடாதே, நாலைந்து கிராம்பு போடு. உப்பு ஜாடிக்குள் கொஞ்சம் அரிசியை முடிந்து போட்டிருக்கிறேன், முடிச்சு ஈரமானால் மாற்று. மிளகாய்ப் பொடிக்குள் ஒரு கட்டிப் பெருங்காயம் கிடக்கும், கல் என்று நினைத்துத் தூர எறிந்துவிடாதே. புளியில் கொட்டை எடுத்துக் கல்லுப்புத் தூவி ஜாடியில் அமுக்கி வைத்திருக்கிறேன், சில்வர் டப்பாவுக்கு மாற்றாதே. கம்பு மாவைக் கிலோக் கணக்கில் அரைத்து வைக்காதே, சீக்கிரம் கசந்துவிடும். முழுக் கம்பாக வைத்துக்கொண்டு வேண்டியபோது அரைத்துக்கொள். டப்பாக்களில் அச்சடித்திருப்பதையும் நம்பாதே. பிஸ்கட் டின்னில் கடலைப்பருப்பு இருக்கிறது, சத்துமாவு டின்னில் சீரகம் இருக்கிறது. இத்தனை நாள் அது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இன்று காலை எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டிவிட்டேன். ஒட்டும்போது என்னமோ பண்ணியது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் ஒட்டிவிட்டேன்.

எல்லாச் சாமானையும் சொன்னேன், ஒன்றைச் சொல்லவில்லை. அது நம் வீட்டில் இல்லாத சாமான். கல்யாணமான புதிதில் ஆண்டிபட்டிச் சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் கருவாடு இல்லாத வாரம் கிடையாது. வந்த இடத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல், காற்றில்லாத காய்ந்த இடம் என்று பார்த்து, சரக்கு அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். மறுநாள் வடக்கே அனுப்பச் சரக்குப் பார்க்க ஒருவர் வந்தார். அப்பா மூட்டையைப் பிரித்து அவர் கையில் கொஞ்சம் போட்டார். அந்த ஆள் முகர்ந்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். "என்னண்ணே, ஏலக்கா கடல்ல வெளஞ்சதா?" என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் போனதும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "இந்த வாசத்துலதான் நம்ம சோறு இருக்குத்தா" என்றார். அவ்வளவுதான். எனக்கும் நியாயமாகப் பட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கருவாடு நுழையவில்லை. அம்மா வீட்டுக்குப் போனால் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவேன், பஸ் ஏறுவதற்கு முன் சேலையை மாற்றுவேன், தேனி தாண்டும்போது கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். நீ சின்னப் பிள்ளையாக மடியில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா கையை மோந்து பாக்குற?" என்று கேட்பாய். மருதாணி வாசம் பார்க்கிறேன் என்று சொல்வேன்.

கொஞ்சம் பொறு, மேலே ஒரு துளி விழுந்தது.

பத்து நிமிஷம் போய்விட்டது, கார்த்தி. மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், இந்தத் தடவை சமையலறையில். நடந்ததை நீயே பார்த்தாய், ஆனாலும் எழுதித்தான் தீர்வேன், அத்தையும் படிக்க வேண்டும் அல்லவா? மெட்டுப் பக்கமிருந்து சாரல் சடசடவென்று வந்தது. நான் பேப்பரை இடுப்பில் செருகிக்கொண்டு வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துவிட்டேன், மற்ற மூன்று முனைக்கும் கை இல்லை. கார்த்தீ என்று கத்த வாயைத் திறக்கிறேன், நீ ஏற்கெனவே படியேறி வந்து நிற்கிறாய்! காதில் இன்னும் அந்த ஹெட்போன். "ஒன் மினிட், ஒன் மினிட்" என்று யாரிடமோ சொல்கிறாய். தலை நனைந்திருந்தது, கை நனைந்திருந்தது. ஓடி வந்து பருப்பை வாரப் போனவன், குனிந்த இடத்தில் நின்று, கையைப் பார்த்து, பனியனில் நன்றாகத் துடைத்தாய். முன்கையும் பின்கையும் துடைத்தாய். அப்புறம்தான் வேட்டியைத் தொட்டாய். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உனக்கு இந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறேன் என்றும் தெரியாது. என் ராசா! உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன், கையில் பருப்பு இருந்ததால் விட்டேன். இத்தனை நாள் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், களவாணி. முக்கால்வாசிக் கடிதத்தை வீணாக எழுதிவிட்டேன் போல. பரவாயில்லை, கிழிக்க மாட்டேன்.

பருப்பை உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் பரப்பினோம், நீ உன் ஆபீஸ்காரர்களிடம் போய்விட்டாய். அப்போது அப்பா சரக்கு அறையிலிருந்து வந்தார். கையில் புத்தம் புதுக் கறுப்புப் பாலித்தீன் பை, மடிப்புக்கூடக் கலையாதது. நல்ல சரக்குக்கு மட்டும் எடுப்பாரே, அந்த ரகம். என் பெட்டி மேல் வைத்தார். என்னவென்று கேட்டேன். நேராக என் முகத்தைப் பார்க்காமல், "தூத்துக்குடியில நல்ல கருவாடு கெடைக்கும். நெத்திலியும் இருக்கும், சீலாவும் இருக்கும். இதுல போட்டு ரெட்டைக் கட்டாக் கட்டிரு, பக்கத்து வீட்டுக்காரக ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார். இத்தனை வருஷம் அந்த மனுஷன் ஒரு தடவைகூடக் கருவாடு என்ற பேச்சை எடுத்ததில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். நான் பஸ்ஸில் கையை முகர்ந்து பார்ப்பதையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டுதானே வந்திருக்கிறார்!

பையை வாங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடமே திருப்பி நீட்டினேன். "இதுல உங்க ஏலக்காயக் கொஞ்சம் போட்டுக் குடுங்க, நல்லதாப் பாத்து" என்று கேட்டேன். அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! இப்போது உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், எனக்குச் சத்தம் கேட்கிறது. தூத்துக்குடியில் எனக்கு எடுத்திருக்கிற வீட்டில் சமையலறையில் ஒரே ஒரு அலமாரிதான். அதில் கருவாட்டை மூடியில்லாத கூடையில் வைப்பேன். பக்கத்திலேயே இந்த ஏலக்காய்ப் பையையும் வைப்பேன். வாசம் ஏறினால் ஏறட்டும். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் இந்த ஏலக்காயைத் தட்டிப் போட்ட என் டீயில் லேசாக மீன் வாசம் அடிக்கும், அவ்வளவுதானே. குடிக்கப் போவது நான் ஒருத்திதான்.

பருப்பு ஆறியிருக்கும், போய் நடுவில் விரலை விட்டுப் பார்.

உன் அம்மா